பறித்த கையோடு சாப்பிட: வீட்டுத் தோட்டம் தொடங்குபவர்களுக்கு

விதை வாங்கக் கிளம்பும் முன் ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒரு வாரம் உங்கள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டையும் சமையலறைக் குப்பைக் கூடையையும் மட்டும் கவனியுங்கள். எது பாதி வாடி, பாதி அழுகி வெளியே போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் கொத்தமல்லி, புதினா, வெங்காயத்தாள், கீரை என்றுதான் இருக்கும். தேவைப்படுவது ஒரு கைப்பிடி, வாங்குவதோ ஒரு கட்டு, மீதி என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தோட்டம் அந்தக் கூடையிலிருந்து தொடங்கட்டும். தக்காளி, கத்தரி எல்லாம் அப்புறம்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். முதல் தடவை பன்னிரண்டு விதமான விதை உறைகளை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்து, எதை எங்கே போட்டேன் என்று எழுதியும் வைக்காமல், முளைத்த பிறகு எது களை எது செடி என்று தெரியாமல் விழித்தேன். அதில் முட்டைக்கோஸும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது, கடைசியில் கைக்கு அடக்கமாக ஒரு உருண்டை கிடைத்தது, அதிலும் பாதியைப் புழு முடித்துவிட்டிருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு விரிசல் விட்ட வாளியில் சும்மா செருகிவைத்திருந்த புதினாத் தண்டு, நான் திரும்பிக்கூடப் பார்க்காத தண்டு, தினமும் அடுப்புக்கு வந்துகொண்டிருந்தது.

எதை வளர்ப்பது

செடியிலிருந்து வாய்க்கு வரும் வழியில் எது அதிகம் கெட்டுப்போகிறதோ அதை வளருங்கள். இதுதான் என் ஒரே விதி. பட்டாணியும் இனிப்புச் சோளமும் பறித்த நிமிடத்திலிருந்தே சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்ற ஆரம்பித்துவிடும், அதனால் காலையில் பறித்ததை மாலையில் தின்றாலே ருசி கொஞ்சம் இறங்கியிருக்கும். வாசனை இலைகளும் பறித்ததிலிருந்தே வாசனையை இழக்க ஆரம்பித்துவிடும். தக்காளியின் கதை வேறு: தூரம் போக வேண்டிய தக்காளியைப் பெரும்பாலும் பச்சையாகவே பறித்து, பிறகு எத்திலீன் வாயு காட்டிப் பழுக்கவைப்பார்கள், நிறம் வந்துவிடும், ருசி அதே அளவுக்கு வராது. வெங்காயம், உருளை, பூசணி போன்றவை மாதக்கணக்கில் கெடாமல் இருப்பவை, வீட்டில் விளைந்ததற்கும் வாங்கியதற்கும் நாக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. இடம் நிறைய இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விவசாயியிடம் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் பார்த்துத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்கைந்து தொட்டியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கே காய்கறி விளைவிக்க முடியாது. முதல் வருடம் தொட்டி, மண், உரம் என்று போட்ட பணத்துக்கு ஒரு மிளகாய் என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் தூக்கம் வராது. பார்க்காதீர்கள்.

முதல் பருவத்துக்கு ஐந்து போதும்: வெந்தயக்கீரை, கொத்தமல்லி, புதினா, ஒரு மிளகாய்ச் செடி, ஒரு தக்காளி. தக்காளியில் சின்னப் பழம் காய்க்கும் செர்ரி ரகம் புதியவர்களைக் கைவிடாது, பெரிய பழ ரகங்கள் கொஞ்சம் வம்பு பிடித்தவை. கை பழகிய பிறகு வெண்டை, கொத்தவரை, பீன்ஸ், வெள்ளரி என்று போகலாம்.

இடம்

ஒரு விடுமுறை நாளில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று தடவை போய் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காய்க்கும் செடி எதற்கும் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் 3, 4 மணி நேரம் போதும். வெயில் இல்லாத இடத்தில் தக்காளி வைத்தால் செடி நெடுநெடுவென்று வளரும், இலை விடும், பூ மட்டும் வராது, நீங்களும் உரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

வெயிலுக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது நடைதூரம். சமையலறையிலிருந்து செருப்புப் போடாமல் போய்ப் பறிக்கும் தூரத்தில் இருக்கிற செடிதான் சாப்பாட்டுக்கு வரும். மொட்டை மாடியின் கடைசி மூலையில் இருப்பது, தாளிக்கிற நேரத்தில் ஞாபகத்துக்கே வராது. தண்ணீர்க் குழாயும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் வாளி தூக்கும் ஆர்வம் பத்து நாள்தான் தாங்கும். மாடி என்றால் எடையையும் யோசியுங்கள்: 20 லிட்டர் தொட்டி ஒன்று ஈர மண்ணோடு 25 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். சுவர், தூண் ஓரமாக வைப்பது நல்லது, நடுவில் குவிக்காதீர்கள்.

மண்ணும் தொட்டியும்

தரையில் இடம் இருந்தால் யோகம்தான், கிளறி, மக்கிய உரம் கலந்து, ஒரு வாரம் ஆறவிட்டுத் தொடங்கலாம். தொட்டி என்றால் வெறும் தோட்ட மண்ணை மட்டும் நிரப்பாதீர்கள், இரண்டு மாதத்தில் செங்கல் மாதிரி இறுகிவிடும். ஒரு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு தென்னை நார்த்தூள். உரம் மண்புழு உரமாகவோ நன்றாக மக்கிய தொழுவுரமாகவோ இருக்கலாம். நார்த்தூள் கட்டியில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். கலந்த மண்ணைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக வர வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம். ஆனால் அடியில் கூழாங்கல் பரப்பும் பழக்கம் தேவையில்லாதது. பொடி மண்ணிலிருந்து பெரிய சந்துகள் உள்ள கல்லுக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது, கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும், வேருக்கு இருந்த கொஞ்ச இடமும் போய்விடும். ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுத் துண்டு வைத்தால் போதும். அளவு என்றால், கீரைக்கு அரை அடி ஆழமுள்ள எந்தத் தட்டும் சரி, மிளகாய்க்கு 10 லிட்டர், தக்காளிக்கு 15 முதல் 20 லிட்டர். பழைய வாளி, பெயின்ட் டப்பா எல்லாமே தொட்டிதான், செடிக்கு அழகு தெரியாது. டப்பாவை மட்டும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

விதைப்பு

இனி உற்சாகமான பகுதி, அதற்குக் கடைக்குக்கூடப் போக வேண்டாம். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயமும் முழு மல்லியும் பெரும்பாலும் முளைக்கும். வெந்தயத்தை ஒரு இரவு ஊறவைத்துத் தூவி, மெல்லிய மண் போர்வை போட்டுத் தண்ணீர் தெளித்தால் 3 முதல் 5 நாளில் தலை தூக்கும், 25 நாளில் கீரை. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல முதல் செடி எனக்குத் தெரியவில்லை, பொறுமை தீர்வதற்குள் தட்டுக்கு வந்துவிடும்.

மல்லியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் விதை என்று சொல்வது உண்மையில் ஒரு காய், அதற்குள் இரண்டு விதை. செருப்பின் அடியாலோ சப்பாத்திக் கட்டையாலோ லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, அப்புறம் விதையுங்கள். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும், அதற்குள் முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்க்காதீர்கள் (நான் பார்த்தேன்). மல்லிக்கு ஆணிவேர், இடம் மாற்றினால் பிடிக்காது, அதனால் வளரும் தொட்டியிலேயே விதைத்துவிடுங்கள். வெயில் கடுமையானால் சீக்கிரம் பூத்துவிடும். மொத்தமாக விதைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னத் தட்டு என்று விதைத்தால் கைக்கு எப்போதும் இலை இருக்கும்.

எந்த விதையானாலும் அதன் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். நிறைய விதை முளைக்காமல் போவது ஆழப் புதைப்பதால்தான். புதினாவுக்கு விதையே வேண்டாம், வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டாக நாலு எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டுத் தண்ணீர்க் குவளையில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் வரும். அதற்குத் தனித் தொட்டி கொடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரை விரட்டிவிட்டு முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு.

தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் ஒரே குடும்பம். இவற்றைச் சின்னக் கோப்பையில் நாற்று விட்டு, முளைக்கும்போது வரும் இரண்டு விதையிலைகளைக் கணக்கில் சேர்க்காமல் நான்கைந்து உண்மையான இலை வந்ததும் மாற்ற வேண்டும். தக்காளி ஒரு வாரம் போல, மிளகாய் முளைக்க மூன்று வாரம்கூட எடுக்கும். நாற்றை ஒரே நாளில் நிழலிலிருந்து முழு வெயிலுக்குத் தூக்கி வைக்காதீர்கள், ஒரு வாரம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். நடுவது மாலையில். தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டு பாதி மறையும்வரை ஆழமாக நடலாம், மண்ணுக்குள் போகும் தண்டிலிருந்தும் வேர் விடும். நாற்றே வாங்கி நடுவதும் தப்பில்லை, அதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

பெயர் எழுதி ஒரு குச்சியைச் செருகிவிடுங்கள். என் அனுபவத்தைத்தான் மேலே படித்தீர்களே.

தண்ணீர்

புதியவர்கள் கையில் செடிகள் சாவது வறட்சியைவிட அன்பினால்தான் அதிகம். மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் கீழே ஈரம் இருக்கும், ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஊற்றும்போது அடி ஓட்டையில் சொட்டும்வரை ஊற்றுங்கள், இலையில் படாமல் மண்ணில், முடிந்தவரை காலையில். இளநாற்று அடித்தண்டு நைந்து திடீரென்று சாய்ந்தால் அது நாற்றழுகல், ஈரமும் நெருக்கமும் கூடிப்போனதால் வரும் பூஞ்சை, அந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி ஆகிறதா? பூச்சி என்று நினைத்து மருந்தைத் தேடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. மண்ணில் சத்து இருந்தும் இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளம் விட்டால் இப்படி ஆகும். ஒரே சீராகத் தண்ணீர் விட்டு, மேலே காய்ந்த சருகை இரண்டு அங்குலம் பரப்பிவையுங்கள், அடுத்த கொத்து சரியாகிவிடும்.

உரத்துக்குப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய உரம் போதும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், காயைக் கண்ணில் காட்டாது.

பூவும் பூச்சியும்

வெள்ளரி, பாகல், பூசணி வைத்தவர்கள் முதல் இரண்டு வாரம் பூவெல்லாம் கொட்டுகிறதே என்று புலம்புவார்கள். முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ, உதிர்வதுதான் அதன் வேலை. பெண் பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு ஒன்று முன்கூட்டியே ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். தேனீ வராத இடமானால் காலையில் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். பீர்க்கையும் சுரையும் மாலையில்தான் பூ விரிக்கும், அவற்றுக்கு அந்திநேரம். தக்காளிக்கு இதெல்லாம் வேண்டாம், ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு, பூக்கொத்தை விரலால் நாலு சுண்டு சுண்டினால் போதும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் தக்காளிப் பூ உதிரும், அதற்கு நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் நிழல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது.

செடியில் எறும்பு வரிசையாக ஏறினால் உடனே இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ அங்கே உட்கார்ந்திருக்கும். அது சாறு உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் காக்கும், மாடு மேய்ப்பது மாதிரிதான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே போய்விடும். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி. வெயிலில் அடித்தால் இலை கருகும். கறுப்பும் ஆரஞ்சுமாக முதலை போல ஒரு குட்டிப் புழு அங்கே அலைந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள், அது பொறிவண்டின் குஞ்சு, உங்கள் பக்கம் நிற்கும் ஆள். இலைகள் சுருண்டு, சிறுத்து, மஞ்சளாகி வளர்ச்சி நின்ற தக்காளிச் செடியைப் பெரும்பாலும் வைரஸ் பிடித்திருக்கும். மனசு கேட்காது, ஆனாலும் பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள், வெள்ளை ஈ அதை மற்ற செடிக்கும் கொண்டுபோகும்.

பறிப்பது

பறிக்கத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். முதல் வெண்டைக்காயை அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்து, மூன்றாம் நாள் பார்த்தால் முற்றிப்போய்க் கத்தி இறங்காது. வெண்டை, பீன்ஸ், வெள்ளரி இவை மூன்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், காய் முற்றி விதை வைத்துவிட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெண்டையின் நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், விரல் நீளம் போதும். கீரையை வேரோடு பிடுங்காமல் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டுக் கிள்ளினால் இன்னும் இரண்டு தடவை தழைக்கும் (வெந்தயம் சில சமயம் ஒரே தடவையோடு நின்றுவிடும், அதைத் திட்டாதீர்கள்).

தக்காளி செடியிலேயே முழுதாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் பறவையும் அணிலும் உங்களுக்கு முன்னால் எழுந்துவிடும். அடியில் லேசாக நிறம் மாறியதும் பறித்து அறைக்குள் வைத்தால் ருசி குறையாமல் பழுக்கும். பச்சையிலேயே பறிப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். ஆனால் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். 2016-ல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, தக்காளியை ஒரு வாரம் 5 டிகிரியில் வைத்தால் வாசனையை உண்டாக்கும் மரபணுக்களின் வேலை முடங்குகிறது, வெளியே எடுத்து வைத்த பிறகும் அந்த வாசனை முழுதாகத் திரும்புவதில்லை என்று காட்டியது. இத்தனை மாதம் காத்திருந்து அந்த வாசனையைத் தொலைப்பானேன்.

சாப்பிடுவது

முதலில் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரை வையுங்கள், அது சூடாகும்போது போய்ப் பறித்து வாருங்கள். பட்டாணி, சோளம், பிஞ்சு பீன்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு தடவை இப்படிச் செய்து பார்த்தால் போதும். மூன்று நிமிடம் வேகவைத்து, உப்பு, கொஞ்சம் எண்ணெய் அல்லது வெண்ணெய், அவ்வளவுதான். மசாலா போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் முதல் பறிப்புக்கு மட்டுமாவது போடாதீர்கள்.

முதல் தக்காளிக்குத் தட்டு வேண்டாம். வெயில் சூடு இன்னும் இருக்கும்போதே கழுவி, கடித்து, கடித்த இடத்தில் உப்பைத் தூவி, மறுபடி கடிக்க வேண்டும். சாறு முழங்கை வரை ஒழுகும். செடியைத் தொட்ட கையில் ஒரு பச்சை வாசனை ஒட்டிக்கொள்ளும், அது பழத்தில் இல்லை, இலையிலும் தண்டிலும் இருக்கும் சின்ன ரோமங்களிலிருந்து வருவது. சோப்புப் போட்டாலும் கொஞ்ச நேரம் போகாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

கடையில் கிடைக்காத சில தீனிகளும் உங்களுக்கு மட்டும் கிடைக்கும். பூத்துவிட்ட கொத்தமல்லியைப் பிடுங்கி எறியாதீர்கள், பச்சையாக இருக்கும் அந்தக் காயை நசுக்கிப் போட்டால் இலைக்கும் மல்லிக்கும் நடுவில் ஒரு வாசனை வரும், காய்ந்துவிட்டால் அது போய்விடும். முள்ளங்கி முற்றிப் பூத்துவிட்டதா, அதன் பிஞ்சுக் காய்களைப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள், மொறுமொறுவென்று லேசான காரம். முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை, பூசணியின் ஆண் பூ எல்லாம் வதக்கிச் சாப்பிடலாம். தக்காளி இலையையும் உருளைக்கிழங்கு இலையையும் மட்டும் தொடாதீர்கள், அவை சாப்பாட்டுக்கு ஆகாதவை.

ஒருநாள் திடீரென்று வெள்ளரி எட்டு ஒன்றாக வந்து நிற்கும். இரண்டைச் சாப்பிடலாம், இரண்டை உப்புநீரில் போடலாம், மீதியைத் தூக்கிக்கொண்டு அண்டை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான். பதிலுக்கு அவர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பருவம் முடியும்போது நன்றாகக் காய்த்த செடியில் ஒரு காயை விதைக்கு விடுங்கள். விதை உறையில் எஃப் 1 என்றோ ஹைப்ரிட் என்றோ போட்டிருந்தால் வேண்டாம், அதன் பிள்ளைகள் தாய் மாதிரி வராது, நாட்டு ரகமாகப் பாருங்கள். வெண்டை சுலபம்: செடியிலேயே காய்ந்து பழுப்பாகி வெடிக்கும்வரை விட்டு, விதையை உதிர்த்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு ஈரமில்லாத இடத்தில் வைத்தால் அடுத்த விதைப்புக்கு ஆயிற்று. அந்த ஒரு காயின் காம்பில் மட்டும் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது நல்லெண்ணத்தில் பறித்து நறுக்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் இரண்டு தடவை ஆனது, இரண்டாவது தடவை நூலும் கட்டித்தான் இருந்தது.